ஓடை வரட்டும்

உமையொருபாகத்திடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அதை அவர் போன கார்த்திகையிலேயே கேட்டுவிட்டார். பதிலும் அப்போதே கிடைத்துவிட்டது.

"அம்மா, எனக்கு எப்பம் தீட்சை?"

"ஓடை வரட்டும், அண்ணாச்சி."

அவ்வளவுதான் பேச்சு. பேச்சியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பதில் சொல்லிவிட்டு மறுபடியும் கீரைக்குக் குனிந்துகொண்டார்.

மடத்துக்குத் தலைவி அவர்தான். உமையொருபாகத்தின் மகளைவிட நாலைந்து வயது மூத்தவராக இருந்தால் அதிகம். அறுபதைத் தாண்டிய உமையொருபாகம் அவரை அம்மா என்பார். பேச்சியம்மா இவரை அண்ணாச்சி என்பார். குருவுக்கு அம்மா முறை, சீடனுக்கு அண்ணாச்சி முறை, அப்படியென்றால் இவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் என்ன வேண்டும் என்று ஆடு மேய்க்கிற மாடத்தி ஒருநாள் கேட்டாள்.  பேச்சியம்மா ரொம்ப நேரம் சிரித்தார்.

மலையடிவாரத்தில் வாகைமடை என்று ஒரு சின்ன ஊர். ஊருக்கு மேற்கே, ஓடைக்கரையில் மடம். ஓடை என்று பெயர்தானே தவிர, வருஷத்தில் முக்கால்வாசி நாள் அது வெறும் மணல். மலையில் ஐப்பசி மழை பிடித்தால்தான் தண்ணீர் இறங்கும். போன வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் கோரிக் கோரிக் குடம் நிரப்பினார்கள்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தீட்சை வாங்குகிறவர் ஓடைக்குப் புதுத் தண்ணீர் வருகிற நாளில் அதில் முழுகி எழுந்து காவி உடுத்த வேண்டும். உடுத்தியவர் அதன்பிறகு வீட்டுப் படி ஏறக் கூடாது. அதனால் பேச்சியம்மாவின் பதிலை உமையொருபாகம் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டார். ஒரு வேட்டியைக் காவிக்கல் உரைத்து அவரே முக்கி, நிழலில் உலர்த்தி, மடித்து, மஞ்சள் பையில் வைத்தார். அந்தப் பை அவர் தலைமாட்டில் இருந்தது.

அவர் முன்பு பாத்திரக்கடை வைத்திருந்தவர். டவுனில் பெரிய கடை. மனைவி வடிவு இறந்த அன்று தெருவில் விழுந்து புரண்டு அழுதார். கடைப்பையன்கள் தூக்கப் போனால் அவர்களையும் கட்டிக்கொண்டு அழுதார். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. மூன்று மாதம் வெளியே தலைகாட்ட முடியவில்லை. துக்கத்தைவிட, தன்னை அது அத்தனை பேர் முன்னால் அப்படி உருட்டிவிட்டதே என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. இனிமேல் எதற்கும் அசையக் கூடாது என்று முடிவு செய்தார். கடையை மருமகனிடம் கொடுத்துவிட்டு மடத்துக்கு வந்தார்.

இங்கே வந்தபிறகு நன்றாகவே தேறினார். பாம்பு வந்தபோது அசையவில்லை. காய்ச்சல் வந்தபோது முனகவில்லை. கார்த்திகையில் மருமகன் ஒரு பொட்டலம் கற்கண்டோடு வந்து, கோமதிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, பேர் வைக்கத் தாத்தா வரவேண்டும் என்று கேட்டான். உமையொருபாகம் மடத்தில் முன்பு இருந்த பழைய சாமியாரின் சமாதிக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். திறக்கவில்லை. மருமகன் மத்தியான பஸ்வரைக்கும் காத்திருந்து பார்த்துவிட்டுப் போனான்.

பேச்சியம்மா கற்கண்டை ஊருக்கே பங்கிட்டார். ஒரு துண்டை உமையொருபாகத்தின் உள்ளங்கையில் வைத்தார். அன்று சாயங்காலம்தான் அவர் பேச்சியம்மாவிடம் போய்ச் சொன்னார்.

"பேத்தி பொறந்ததுக்கும் அசையல, அம்மா."

அதன்பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். அதற்குத்தான் அந்தப் பதில்.

அதற்கப்புறம் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அதையும் ஒரு படி ஏறியதாகவே அவர் நினைத்துக்கொண்டார்.

இந்த ஐப்பசியில் மலை இரண்டு நாளாகக் கண்ணுக்குத் தெரியவில்லை. இருந்த இடத்தில் ஒரு கருப்புத்தான் நின்றது. ஊரில் தூறல் மட்டும். ஆனால் காற்றில் யாரோ புதுப் பானையில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு வாசம். மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு மேற்கே பார்த்து நின்றன.

மூன்றாம் நாள் காலையில் மாடத்தி ஆடுகளை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவந்தாள். மடத்து வாசலில் நின்று மூச்சு வாங்கினாள்.  மேற்கே கையைக் காட்டினாள்.

"தண்ணி வந்துட்டு. மேல மடுவத் தாண்டிட்டு."

பேச்சியம்மா ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. கரண்டியைக் கீழே வைத்தார். அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்தார். முந்தானையை இழுத்துச் செருகினார். ஓடினார்.

நிஜமாகவே ஓடினார். மடத்துத் தலைவி பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி வேலிக்காட்டைத் தாண்டிக் குதித்து ஓடுவதை உமையொருபாகம் திறந்த வாயோடு பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அண்ணாச்சி, வாங்க. உக்காந்திராதிய."

இது ஒரு சோதனை என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் ஓடவில்லை. எழுந்தார். கிணற்றடியில் கை கால் கழுவினார். விபூதி பூசினார். மஞ்சள் பையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரே சீராக அடியெடுத்து வைத்து நடந்தார். வழியில் அவரை முந்திக்கொண்டு ஊரே ஓடியது. ஒருவர் பாதிச் சவரத்தோடு ஓடினார். ஒரு பெண் மாவரைத்த கையோடு ஓடினாள். மாவு அவள் பின்னால் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே போனது.

பிள்ளையார் பாறைக்குப் பக்கத்தில் மணலில் எல்லாரும் நின்றார்கள்.  எல்லாரும் ஒரே பக்கம் பார்த்தார்கள்.

முதலில் சத்தம்தான் வந்தது. காய்ந்த இலைகளை யாரோ பெருக்கிக்கொண்டு வருவது போல. பிறகு வளைவில் அது தெரிந்தது.

அதைத் தண்ணீர் என்று சொல்ல முடியாது. சருகும் குச்சியும் நுரையுமாக ஓர் அழுக்குச் சுருள். விரிக்க விரிக்கத் தீராத பாய் மாதிரி மணல்மேல் தன்னை விரித்துக்கொண்டே வந்தது. ஆள் நடக்கிற வேகம்தான். அதற்கு முன்னால் எறும்பும் வண்டும் பூரானும் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தன. மணல் குடிக்கிற சத்தம் கேட்டது. தாகத்தோடு குடிக்கிற யாரும் போடுகிற அதே சத்தம்.

உமையொருபாகம் மூச்சை எண்ணினார். அசையவில்லை.

அப்போது ஓர் அடிதடிப் பேச்சு கிளம்பியது. தண்ணீரை அழைப்பது யார்?

வாகைமடையில் புதுத் தண்ணீர் தானாக ஊருக்குள் வரக் கூடாது. அழைத்துத்தான் வரவேண்டும். ஊரில் மூத்தவர் தண்ணீருக்கு எதிரே நின்று, இரண்டு கையையும் நீட்டி, வா வா என்று அழைத்தபடி, மடத்துப் படித்துறைவரைக்கும் பின்பக்கமாகவே நடந்து வருவார். தண்ணீருக்கு முதுகைக் காட்டக் கூடாது. வீட்டுக்கு வருகிற மருமகளுக்கு யாராவது முதுகைக் காட்டுவார்களா? இவ்வளவு காலமும் பூலுடையார் அழைத்தார். அவர் போன ஆவணியில் போய்ச் சேர்ந்துவிட்டார். மழை இல்லாத நாளில் அதைப் பற்றி யாருக்கும் நினைவு வரவில்லை.

தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இவர்கள் வயதைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மடையடைக்கிற தளவாய் தனக்கு ஐம்பத்தெட்டுக்கு மேல் ஒரு நாள்கூட ஆகவில்லை என்று சத்தியம் செய்தார். போன பொங்கலுக்கு முதியோர் உதவித்தொகை கேட்கும்போது அறுபத்தஞ்சு என்று சொன்னீரே என்று யாரோ கேட்டார்கள். அது சர்க்காருக்குச் சொன்ன வயது என்றார் தளவாய். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் உமையொருபாகத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் தான் இந்த ஊர்க்காரன் இல்லை என்றார். தான் துறவுக்கு நிற்கிறவன் என்றார். இதெல்லாம் இனி தனக்கு ஆகாது என்று விளக்க ஆரம்பித்தார். தண்ணீர் இருபதடி தூரத்தில் வந்துவிட்டது.

பேச்சியம்மா அவர் கக்கத்திலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

"கூப்பிடுங்க, அண்ணாச்சி."

குரு சொல்லிவிட்டார். உமையொருபாகம் போய் நின்றார். கையை நீட்டினார். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, மடத்தில் பாட்டுச் சொல்கிற அதே நிதானமான குரலில் அழைத்தார்.

"வருக. வருக."

பின்னால் ஓரடி வைத்தார். தண்ணீரும் ஓரடி வந்தது. தளவாய் அவருக்குப் பின்னால் மண்வெட்டியோடு கல்லையும் முள்ளையும் ஒதுக்கிக்கொண்டு, இடது பக்கம் கல்லு, வலது பக்கம் பள்ளம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நாற்பது ஐம்பது அடி அப்படிப் போயிருக்கும்.

தண்ணீர் நின்றுவிட்டது.

அங்கேதான் பெண்கள் தோண்டிய பெரிய ஊற்று இருந்தது. ஆளுயரக் குழி. ஒரு கோடை முழுக்க ஊரே தோண்டித் தோண்டி ஆழமாக்கியது. வந்த தண்ணீரெல்லாம் அதற்குள் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. குழிக்கு இந்தப் பக்கம் மணல் காய்ந்தபடி கிடந்தது.

எல்லாரும் காத்திருந்தார்கள். உமையொருபாகம் இன்னொரு தடவை வருக என்றார். குழிக்குள் தண்ணீர் சுற்றியது. வெளியே வரவில்லை. மலையில் மழை விட்டுவிட்டதோ என்று ஒருத்தி முணுமுணுத்தாள். இந்த வருஷமும் இவ்வளவுதானோ என்றாள். 

மாடத்திதான் வாயைத் திறந்தாள்.

"எழவு வீட்டுக்குக் கூப்பிடுத மாதிரி கூப்பிட்டா அவ எப்படி வருவா?"

சிலர் சிரித்தார்கள். உமையொருபாகத்துக்குக் காது சூடானது. அவர் பேச்சியம்மாவைப் பார்த்தார். பேச்சியம்மா அவரைப் பார்க்கவில்லை. குழியின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு ஆவல். வா, வா, இன்னும் ஒரு முழந்தான் என்று அவர் உதடு அசைந்தது. அது சோதனை வைக்கிறவருடைய முகம் இல்லை. அது உமையொருபாகத்துக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவரும் எட்டிப் பார்த்தார்.

சிவப்புத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு சாண். இன்னொரு சாண். யாரோ குழிக்குள் விட்டுப்போன சிரட்டை அதன்மேல் சுற்றிச் சுற்றி மிதந்து மேலே வந்தது. விளிம்புக்கு வந்தது. அங்கே ஒரு கணம் தண்ணீர் புடைத்துக்கொண்டு நின்றது. நிற்கத் தெரியாமல் நிற்பதுபோல, இப்படியா அப்படியா என்று ஆடியது.

உமையொருபாகத்தின் கைகள் தாமாக நீண்டன. அவர் குனிந்தார். விரல்கள் வா என்று மடங்கின.

"வா," என்றார். "வா, வா. விழமாட்ட. வா."

தண்ணீர் விளிம்பைத் தாண்டி அவர் காலைப் பார்த்துப் பாய்ந்தது.

அவர் பின்னால் வைத்தார். அது வந்தது. இன்னும் பின்னால் வைத்தார். அது வேகமாக வந்தது. அவரும் வேகமாகப் போனார். தளவாய் கல்லு கல்லு என்று கத்துவது அவர் காதில் ஏறவில்லை. தண்ணீர் இரண்டாகப் பிரிந்து அவரைச் சுற்றிக்கொள்ளப் பார்த்தது. அவர் இந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று கையைத் தட்டினார். அது அவர் கை தட்டிய பக்கம் வந்தது, அல்லது அவருக்கு அப்படிப் பட்டது. வேட்டி தடுக்கியது. மடித்துக் கட்ட நேரமில்லை. கடையில் நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஆள் கூப்பிட்ட குரல் ஒன்று அவரிடம் ஒரு காலத்தில் இருந்தது. அது தொண்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

"வாடி என் தங்கம். வாடி என் ராசாத்தி. அப்படித்தான். தாத்தாகிட்ட வா."

ஊர் குலவையிட்டது. பெண்கள் பூவை வீசினார்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அழுதுகொண்டும் இருந்தார். பேச்சியம்மா தண்ணீருக்குப் பக்கவாட்டில், சேலை நனைய, சமமாக ஓடிவந்துகொண்டிருந்தார். மாடத்தி யாருடைய கையையோ பிடித்துக்கொண்டு குதித்தாள்.

படித்துறையின் கடைசிப் படி அவர் குதிகாலில் இடித்தது. அப்படியே உட்கார்ந்து விழுந்தார். தண்ணீர் அவர் மடியில் ஏறி, தலையையும் முழுக்காட்டியது. சருகும் நுரையும் ஒரு வாகைக் காயும் அவர் தலையிலும் நெஞ்சிலும் ஒட்டிக்கொண்டன. குளிரில் அவருக்கு மூச்சு நின்று வந்தது. தளவாயும் இன்னொருவரும் சேர்ந்து அவரை மேலே தூக்கினார்கள்.

அதற்குப் பிறகுதான் ஓடை உண்மையாக வந்தது. மலையில் எங்கோ எதையோ உடைத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். பாய் மாதிரி வந்தது போய், இப்போது கரைக்குக் கரை செம்மண் நிறத்தில், இரைச்சலோடு வந்தது. முழு மரம் ஒன்று வேரோடு உருண்டு போனது. படித்துறையில் இரண்டு படி மூழ்கியது. மூன்றாவது படியும் மூழ்கியது. பக்கத்தில் நிற்கிறவரிடமும் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருந்தது. ஊர் முழுக்கக் கரையில் உட்கார்ந்து அதைப் பார்த்தது. பார்த்ததையே பார்த்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

உமையொருபாகம் மேல்படியில் உட்கார்ந்திருந்தார். அவர் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. தன் இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கைகளுக்கு இந்த வேலை முன்பே தெரிந்திருக்கிறது. எங்கே செய்தோம் என்று இப்போது நினைவு வந்துவிட்டது. கடைக்குள், பித்தளைக் குடங்களுக்கு நடுவே. அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு வயதுக் கோமதி நின்றாள். இப்படியா அப்படியா என்று ஆடினாள். அவர் குனிந்து கையை நீட்டிக்கொண்டு பின்னால் பின்னால் போனார். வடிவு தூணில் சாய்ந்து நின்று சிரித்தாள்.

பேச்சியம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் மஞ்சள் பை இருந்தது.

உமையொருபாகம் சொன்னார். 

"எல்லாம் போச்சு, அம்மா."

"எது போச்சு?"

"ரெண்டு வருசமா அசையாம வச்சிருந்தேன். ஒரு நிமிசத்துல ஆடிப்போச்சு. ஊரே பாத்துது."

"நானும் பாத்தேன்."

"வெக்கமா இருக்கு."

"அப்படியா?"

அவர் யோசித்தார். தலையை இல்லை என்று ஆட்டினார்.

தண்ணீர் நாலாவது படியைத் தொட்டது. தெற்கே, தரைப்பாலத்துக்கு அந்தப் பக்கம், பஸ் ஹாரன் கேட்டது. மத்தியான பஸ் தரைப்பாலத்தைத் தாண்டி வராது என்று கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார். டவுனுக்குப் போகிறவர்கள் பாலத்தை இப்போதே நடந்து கடந்து வந்துவிட வேண்டும். சாயங்காலத்துக்குள் பாலம் முங்கிவிடும். அப்புறம் பத்துப் பதினைந்து நாளைக்கு வாகைமடை ஒரு தீவுதான்.

உமையொருபாகம் பஸ்ஸைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். பிறகு பேச்சியம்மாவின் கையிலிருந்த பையைப் பார்த்தார். புதுத் தண்ணீர். முழுகியாயிற்று. காவியும் தயாராக இருக்கிறது.

"அம்மா," என்றார். "ஓடை வந்துட்டு."

"ஆமா, அண்ணாச்சி."

பேச்சியம்மா பைக்குள் கையைவிட்டு வேட்டியை எடுத்தார். மடிப்பைப் பிரித்து உதறினார். உமையொருபாகம் இரண்டு கையையும் ஏந்தினார்.

பேச்சியம்மா அதை அவர் கையில் கொடுக்கவில்லை. தலையில் போட்டு, அழுத்தித் துவட்ட ஆரம்பித்தார். சருகையும் நுரையையும் சேர்த்துத் துடைத்தார். காதுக்குப் பின்னால் துடைத்தார். காவிச் சாயம் அவர் நரைத்த முடியில் திட்டுத் திட்டாக இறங்கியது.

உமையொருபாகம் பதறினார்.

"அம்மா, அது காவி."

"தெரியும். குனிங்க."

அவர் குனிந்தார்.

"ஈரத் தலையோட பஸ்ல ஏறாதிய. போன ஒடனே பிள்ளையத் தூக்குவிய. அதுக்குச் சளி பிடிச்சிக்கிடும்."